துண்டுக்குள்ள வெலை பேசற சீன்: போன்ல குறும்படம் எடுக்கற நம்மூர்ப் பசங்களுக்கு

மாட்டுச்சந்தைல தரகர் வெலை பேசறதக் கிட்ட நின்னு பாத்திருக்கீங்களா? விக்கறவரும் தரகரும் கையக் குடுத்துக்குவாங்க, மேல ஒரு துண்டப் போட்டு மூடிக்குவாங்க, உள்ள விரலப் புடிச்சுப் புடிச்சு வெலை ஏறும் எறங்கும். வெளிய நிக்கற நமக்கு ஒரு எழவும் தெரியாது, ரெண்டு மூஞ்சி மட்டுந்தான் தெரியும், ஆனா அங்கிருந்து கண்ண எடுக்க முடியாது. படம் பாக்கறவங்களப் புடிச்சு உக்கார வெக்கறது எப்படின்னு யாராவது கேட்டா நான் அந்தத் துண்டத்தான் காட்டுவேன்.

நான் பொள்ளாச்சி, கோபி பக்கம் ஷூட்டிங் வர்ற யூனிட்டுகளுக்கு ஆர்ட் டிபார்ட்மென்ட்ல பல வருசம் எடுபிடியா இருந்தவன். சுவத்துக்கு அழுக்கடிக்கறது, புது வேட்டியப் பழசாக்கறது, போன சீன்ல சொம்பு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கறது, இதான் பொழப்பு. இப்ப காலேஜ் பசங்க போன்ல எடுக்கற குறும்படத்துக்கு ஒத்தாசைக்குப் போறேன், போனா அல்லாரும் மொதல்ல கேக்கறது "அண்ணா ட்ரோன் கெடைக்குமா, புகை மெஷின் கெடைக்குமா"ங்கறதுதான், சரி யாரு நடிக்கறா எந்த ஊட்ல எடுக்கறீங்கன்னு கேட்டா "அது பாத்துக்கலாங்ணா"ம்பாங்க. வரிசையே தலைகீழா இருக்கு. மொதல்ல பொருளு, அப்புறம் ஆளு, கடைசியாத்தான் மாயம். இப்பிடிப் போனா செலவும் கம்மி, படமும் நிக்கும்.

சும்மா பொதுவாப் பேசுனா மண்டைல நிக்காது, அதனால ஒரு கதைய வெச்சுக்கலாம். 2015ல நடக்குது. கெணறு வத்திப்போயி தீவனத்துக்கு வழியில்லாத ஒரு அப்பாரு, தன்னோட காங்கேயம் காளையக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி வித்துட்டு வர்றாரு, பேரன் கூடப் போறான். அவ்வளவுதான். பன்னெண்டு நிமிசம். இந்தக் கதைல சண்டை இல்ல பேய் இல்ல, ஆனாலும் டிசைன், நடிப்பு, எபெக்ட் மூணும் இதுக்கும் வேணும்.

டிசைன்னா செட்டு போடறதுன்னு நெனச்சுக்கிட்டு "எங்களுக்கு அதெல்லாம் பட்ஜெட் இல்லீங்ணா"ன்னு ஒதுங்கிக்கறாங்க. போன எடுத்து ஒரு ஊட்டக் காட்டுன அந்த நிமிசமே நீங்க டிசைன் பண்ணியாச்சு, நல்லாப் பண்ணிருக்கீங்களா கேவலமாப் பண்ணிருக்கீங்களாங்கறதுதான் மிச்சம். பாக்கறவங்க யாரும் பொருளத் தனித்தனியா எண்ணிப் பாக்க மாட்டாங்க, ஆனா ஏதோ ஒண்ணு பொய்யின்னா சட்டுனு வாசன புடிச்சிருவாங்க, என்னன்னு சொல்லத் தெரியாது, "ஏனோ ஒட்டலீங்க"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

அதனால மொத வேலை, வருசத்தக் காட்டிக் குடுக்கற சாமானத் தேடிப் புடிக்கறது. நம்ம ஊட்டுச் சாமானே ஒரு காலண்டருங்க. கவர்மெண்டு குடுத்த இலவசக் கலர் டிவி 2006க்கு அப்புறம் வந்துச்சு, மிக்சி கிரைண்டர் பேன் 2011க்கு அப்புறம் வந்துச்சு. 2015 கதைன்னா ஆசாரத்துல அந்த டிவியும் மேல அந்தப் பேனும் இருந்தா ஒரு வார்த்த வசனம் இல்லாம வருசமும் தெரிஞ்சுரும் ஊட்டு நெலவரமும் தெரிஞ்சுரும். அதுவே 1995 கதைன்னா அது ரெண்டையும் தூக்கிப் பொடக்காலில வெச்சிருங்க. எந்தக் கதையா இருந்தாலும் சுவத்துல இருக்கற தேதிக் காலண்டர மொதல்ல பாருங்க, ஒரு படத்துல நானே அதைக் கோட்ட விட்டேன், பதினஞ்சு வருசத்துக்கு முந்தி நடக்கற கதைல நாங்க ஷூட்டிங் எடுத்த வருசத்துக் காலண்டர் ஜம்முனு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, எடிட்டிங்ல பாத்தப்ப அந்த டைரக்டர் என்னையப் பாத்த பார்வை இன்னும் கனவுல வருது.

இதுல பெரிய கண்டம் ரூவா நோட்டு. 2015ல மாடு வித்தா பழைய 500, 1000தான் வரணும், அது 2016 நவம்பர் 8 ராத்திரியோட செல்லாமப் போச்சு. பசங்க பாட்டுக்குக் கைல இருக்கற புது 500 நோட்டக் காட்டிருவாங்க, கீழ கமென்ட்ல மொத ஆளு அதத்தான் எழுதுவான். பழைய நோட்டுக் கட்டு தேடலாம்னும் போகாதீங்க, 2017ல போட்ட சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல வெச்சிருந்தாலே தப்பு. பிரிண்ட் எடுத்து அடிக்கலாம்னு ஒரு பையன் சொன்னான், அவனுக்கு ஒரு கும்புடு போட்டேன், கள்ள நோட்டுக் கேஸ்ல உள்ள போறதுக்கா படம் எடுக்கறோம்? அப்ப என்ன பண்றது? தரகர் துண்டு வித்தைதான், மூடி மறச்சுருங்க. பணத்த மஞ்சப்பைல போட்டு மடிச்சுக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அப்பாரு நடக்கட்டும், பஸ்ஸுல பையத் தொட்டுத் தொட்டுப் பாக்கட்டும். நோட்டக் காட்டறத விட அந்தத் தொட்டுப் பாக்கற கைதான் வலிக்கும்.

துணிக்கு வாங்க. திருப்பூர்ப் பனியன புதுசாப் போட்டு நடிக்க விட்டீங்கன்னா போன் கேமராவுல அந்த வெள்ளை எரிஞ்சு போயி மூஞ்சி கருப்படிச்சிரும், எக்ஸ்போசர், அதாவது கேமரா வெளிச்சம் எடுக்கற அளவு, ரெண்டுக்கும் நடுவுல கெடந்து திண்டாடும். ஒரு பெரிய போசில தண்ணி கொதிக்க வெச்சு நாலஞ்சு ஸ்பூன் டீத்தூள் போட்டு எறக்கி, கொஞ்சம் உப்புப் போட்டு, வேட்டி பனியன் துண்டு மூணையும் கால் மணி நேரம் முக்கி எடுத்து வெயில்ல காயப்போடுங்க. பழுப்பு வெள்ளையா வரும், கேமராவுக்கும் இதம், கண்ணுக்கும் நெசம். கழுத்துப் பட்டை, முட்டி, மடிப்பு விழற எடம், இங்கெல்லாம் செம்மண்ணத் தண்ணில கொழச்சுக் கொஞ்சமாத் தேய்ங்க, மொத்தத் துணிலயும் பூசுனா பிச்சக்கார வேசம் மாதிரி ஆயிரும். நெசமான அழுக்கு ஒடம்பு உரசற எடத்துலதான் இருக்கும், சுவத்துக்கும் அதே கணக்குதான், சுவிட்சச் சுத்தி, கதவு நெலவுல கை வெக்கற எடத்துல, திண்ணைல முதுகு சாயற எடத்துல, அடுப்புக்கு மேல. துண்டு கலர்லயும் சூதானமா இருங்க, பச்சைத் துண்டு போட்டீங்கன்னா நம்ம பக்கத்துல பாக்கறவங்க ஒடனே விவசாய சங்கத்துக்காரர்னு முடிவு கட்டிருவாங்க, அப்புறம் அவரு எப்பப் போராட்டத்துக்குப் போவாருன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க.

மாடும் டிசைன்லதான் வரும், சிரிக்காதீங்க. காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும், சில மாசத்துல சாம்பல் வெள்ளைக்கு மாறிரும். ஒரு பையன் லீவு கெடைக்கறப்பெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா எட்டு மாசம் எடுத்தான், மொத சீன்ல செவலக் கன்னு, அடுத்த நாள் காலைன்னு வர்ற சீன்ல சாம்பல் கன்னு, அவன் பாக்கவே இல்ல, அவங்க அம்முச்சிதான் "இதென்ன வேற கன்னு"ன்னு கேட்டுச்சு. கன்னு வர்ற சீனையெல்லாம் ஒரே வாரத்துல முடிச்சுக்கங்க. இன்னொண்ணு, சென்சாருக்குப் போற படமா இருந்தா மாடு வர்றதுக்கு விலங்கு நல வாரியத்துப் பேப்பர் வேணும். ஆன்லைன்ல போடறதுதானன்னாலும் மாட்ட மத்தியான வெயில்ல நிக்க வெக்காதீங்க, தண்ணி காட்டுங்க, மொரண்டு புடிச்சா அன்னைக்கு விட்ருங்க.

எடம். தொட்டிக்கட்டு ஊடு கெடைச்சா யோகம், இல்லீனா தோட்டத்துச் சாளை ஒண்ணு போதும். ஓட்டு ஊட்ல கண்ணாடி ஓடு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல வெடியால எட்டு ஒம்பது மணிக்கு ஒரு வெளிச்சக் கம்பி எறங்கும், அதுக்குக் கீழ சாம்பிராணியக் கொஞ்சமாப் போட்டு விட்டீங்கன்னா அந்தக் கம்பி அப்படியே தூணு மாதிரி நிக்கும். இதுக்குத்தான் வாடகைக்குப் புகை மெஷின் தேடறாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, அந்த வெளிச்சம் நிமிசத்துக்கு நிமிசம் நகரும், அரை மணி நேரத்துல சீன முடிக்கணும், அதனால ரிகர்சல் எல்லாம் மொத நாளே.

இப்ப ஆளு. நடிக்கத் தெரிஞ்சவங்களத் தேடி அலையாதீங்க, அந்த வேலையத் தெரிஞ்சவங்களத் தேடுங்க. மாடு கட்டத் தெரியாதவர் கைல கயித்தக் குடுத்துட்டு அவரு மூஞ்சில சோகத்தத் தேடுனா ஒண்ணும் வராது, கயித்தப் பாக்கறதா சோகப்படறதான்னு அவருக்கே கொழப்பம். நாங்க எடுத்த ஒண்ணுல அப்பாருவா நடிச்சவரு நெசத்துல தறி ஓட்டறவரு, சின்ன வயசுல மாடு மேச்சவரு. மாடு போனதுக்கு அப்புறம் அழுவணும்னு சீன். பதினெட்டு டேக். கிளிசரின் போட்டோம், அவரோட செத்துப்போன நாயப் பத்தி நெனைக்கச் சொன்னோம், என்னென்னமோ பண்ணுனோம், மனுசன் வெக்கப்பட்டுச் சிரிக்கறாரு. கடைசில டைரக்டர் பையன் ஓய்ஞ்சு போயி, "அழுவாதீங்க அப்பாரு, கட்டுத்தரைல அந்தக் கயிறு கெடக்குதுல்ல, அத எடுத்து வெச்சிட்டு ஊட்டுக்குள்ள போங்க"ன்னுட்டான். அவரு கயித்த எடுத்தாரு, முடிச்ச அவுத்தாரு, முழங்கைல சுத்திச் சுத்தி அழகா வளையமாக்குனாரு, ஆணில மாட்டப் போனவரு அங்கியே சித்த நேரம் நின்னுட்டாரு. நாய் செத்த கதையெல்லாம் அங்க எதுக்குங்க? கட் சொல்ல யாருக்கும் வாய் வர்ல.

அதனால எழுதி வெச்சுக்கங்க, அழுவு, கோவப்படு, பயப்படுன்னு நடிக்கறவங்ககிட்டச் சொல்லாதீங்க, வேலை குடுங்க. கைக்கு ஒரு வேலையும் மனசுக்கு ஒரு கணக்கும் இருந்தாப் போதும், மூஞ்சி தன்னால பேசும். மிச்சத்தப் பாக்கறவங்க போட்டுக்குவாங்க. இது நம்ம கண்டுபுடிப்பு இல்ல, ரஷ்யாவுல குலெஷோவ்னு ஒரு டைரக்டர் நூறு வருசத்துக்கு முந்தியே பண்ணுனது, ஒரு நடிகரோட ஒரே மூஞ்சி ஷாட்ட எடுத்து சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பொண்ணு, இப்பிடி வேற வேற படத்தோட ஒட்டிக் காட்டுனாரு, பாத்தவங்க பசியா இருக்காரு, சோகமா இருக்காரு, ஆசையா இருக்காருன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணச் சொன்னாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம கதைல அப்பாரு சும்மா பாக்கற ஒரு ஷாட்ட எடுத்து வெச்சுக்கங்க, அதுக்கப்புறம் காலி கட்டுத்தரையக் காட்டுனா ஒரு அர்த்தம், மஞ்சப்பையக் காட்டுனா இன்னொரு அர்த்தம்.

இப்ப துண்டு சீன். இதுதான் படத்தோட உசுரு, இதுக்கு ஒரு முழுப் பொழுதையும் ஒதுக்குங்க. ரெண்டு பேருத்துக்கும் வசனம் எழுதிக் குடுக்காதீங்க. அப்பாருவத் தனியாக் கூப்புட்டுக் காதுல சொல்லுங்க, "இந்தத் தொகைக்குக் கீழ போச்சுன்னா நீங்க விக்கக் கூடாது"ன்னு. தரகரா நடிக்கறவரத் தனியாக் கூப்புட்டு, "இதுக்கு மேல நீங்க குடுக்கக் கூடாது"ன்னு. தரகர் தொகை அப்பாரு தொகைக்கு ஒரு நூலு மட்டும் மேல இருக்கற மாதிரி வெச்சுக்கங்க, அப்பத்தான் சுலுவாப் படியாது. விரல் கணக்கு என்னங்கறத ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுப் பேசி முடிவு பண்ணிக்கச் சொல்லுங்க, நெசத் தரகர் ஒருத்தரே நடிச்சா இன்னும் விசேசம். அப்புறம் துண்டப் போட்டு நெசமாவே பேரம் பேச விட்டுட்டு நீங்க எடுங்க. உள்ள என்ன நடக்குதுன்னு டைரக்டருக்கே தெரியாது. ஒரு டேக்ல படியும், ஒரு டேக்ல கையத் தட்டி விட்டுட்டு எந்திரிச்சுருவாரு, எது வருதோ அதுல நல்லது உங்களுக்கு.

கேமராவ எங்க வெக்கறது? மூஞ்சிக்குக் கிட்டப் போகாதீங்க, போனோட சாதா லென்சு அகலமானது, கிட்டப் போனா மூக்கு மொளகா பஜ்ஜி மாதிரி ஆயிரும். ரெண்டு மடங்கு லென்சப் போட்டுட்டு நாலடி பின்னால வாங்க. மூஞ்சிய அழகாக்கற பியூட்டி பில்டர் எதாவது ஓடுதான்னு பாத்து அணைச்சுருங்க, அப்பாரு கன்னத்துச் சுருக்கத்த அதுவே தொடச்சு வெச்சிரும், அப்புறம் எதுக்கு வயசான ஆளத் தேடுனீங்க? மொத ஷாட் ரெண்டு பேரும் துண்டும் தெரியற மாதிரி, அப்புறம் அப்பாரு மூஞ்சி, அப்புறம் தரகர் மூஞ்சி, அப்புறம் துண்டு மட்டும், அது அசையறது. கடைசியா பேரன் மூஞ்சி, கீழ இருந்து மேல பாக்கறவனா. பேரனுக்கும் தொகை தெரியக்கூடாது, அப்பத்தான் அவன் கண்ணு ரெண்டு பேர் மூஞ்சிக்கும் மாறி மாறி ஓடும், பாக்கறவங்களும் அவன் கண்ணு வழியாத்தான் பாப்பாங்க.

பேச்சு வழக்கப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், இது எனக்கு ரொம்ப நாள் வெசனம். கொங்குப் பேச்சுன்னாலே சினிமாவுல காமெடின்னு ஆக்கி வெச்சிட்டாங்க, நம்ம பசங்களும் அதையே பாத்துட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு "ங்"க இழுத்து மாட்டி நடிக்க வெக்கறாங்க. அப்பிடி யாருங்க பேசறா? பேரன் அப்பாருகிட்ட "போலாங்களா அப்பாரு"ம்பான், அப்பாரு பேரன்கிட்ட "வாடா சாமி"ம்பாரு, தரகர்கிட்ட "ஏனுங்க, இது கட்டாதுங்க"ம்பாரு, அதே தரகர் சின்ன வயசுக்காரனா இருந்தா "அட ஏப்பா"ன்னு எறங்கிரும். யாரு யாருக்கு மரியாதை குடுக்கறா, எங்க அந்த "ங்க" நிக்குதுங்கறதே ஒரு நடிப்பு. பேரம் முத்தறப்ப அப்பாரு வாய்ல இருந்து அந்த "ங்க" விழுந்து போச்சுன்னா அங்க கத்த வேண்டிய அவசியமே இல்ல.

நடிப்புக்கு எங்கயும் போயிக் கத்துக்க வேண்டாம், அண்ணன்மார் கதை படுகளம் ஒருக்கா பாருங்க. ராத்திரி பூராவும் உடுக்கடிச்சு பொன்னர் சங்கர் கதையப் பாடுவாங்க, அவங்க சாகற கட்டம் வர்றப்ப ஆளுங்க அப்படியே மண்ணுல சாய்வாங்க, மேல வெள்ளைத் துணியப் போட்டு மூடிருவாங்க, அப்புறம் அவங்க தங்கச்சி தங்காள் வந்து எழுப்பற வரைக்கும் கெடப்பாங்க. நாஞ் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஆத்தா மடில ஒக்காந்து பாத்தது, எதித்த ஊட்டுச் சித்தப்பன் விழுந்து கெடக்கறாரு, சாயந்தரம் என்கூடப் பழமை பேசிட்டு இருந்தவரு, அவரு செத்துட்டாருன்னே நெனச்சு அழுதேன். அங்க என்ன இருந்துச்சு? ஒரு உடுக்கை, ஒரு துணி, விழற ஒடம்பு. சாமி விசயம் அது, அத நடிப்புன்னு நாஞ் சொல்லல, ஆனா துணி போட்டு மூடுன ஒடம்பு என்ன பண்ணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சரி, மாயத்துக்கு வருவோம். நம்ம ஊரு இதுல எளப்பம் இல்லீங்க. சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ 1935ல டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்சாரு, அங்க எடுத்த உத்தம புத்திரன்ல 1940லயே பி.யு. சின்னப்பா ரெட்டை வேசத்துல வந்தாரு, தமிழ்ல மொத ரெட்டை வேசம் அதுதான். முழுப்படமும் கலர்ல வந்த மொத தமிழ்ப் படமும், 1956ல வந்த அலிபாபாவும் 40 திருடர்களும், அந்தக் கம்பெனிதுதான். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அந்த ரெட்டை வேசத்த நீங்க போன்ல அரை மணி நேரத்துல பண்ணலாம்.

நம்ம கதைலயே வெச்சுக்கலாம், அப்பாரு ராத்திரி திண்ணைல ஒக்காந்திருக்காரு, அந்தப் பக்கம் தூணுக்கு அப்பால அவரே ஒக்காந்து அவரையே பாக்கறாரு. போன ஸ்டாண்டுல மாட்டி இறுக்கிருங்க, அதுக்கப்புறம் யாரும் தொடக்கூடாது, ஷட்டர் பட்டனக் கூட இயர்போன்ல அமுக்குங்க. போகஸ், எக்ஸ்போசர், ஒயிட் பேலன்ஸ் (படத்தோட கலர் நீலமா மஞ்சளாங்கறது) மூணையும் லாக் பண்ணுங்க. நடுவுல தூண் வர்ற மாதிரி பிரேம் வெச்சுக்கங்க, ஒட்டு அந்தத் தூண்ல மறஞ்சுரும். மொதல்ல எடது பக்கம் ஒக்கார வெச்சு எடுங்க, அப்புறம் வலது பக்கம். கையோ நெழலோ தூணத் தாண்டக்கூடாது. வெளிய மேகம் வந்து போற நேரத்துல பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் வெளிச்சம் மாறிப் பல்ல இளிக்கும். எதித்த பக்கம் ஒரு குச்சிய நட்டு நுனில துணியக் கட்டி வெச்சிட்டு "அத உங்க கண்ணுன்னு நெனச்சுப் பாருங்க"ன்னு சொல்லுங்க, அந்தக் குச்சி ஆளு இல்லாத பாதில இருக்கறதால வெட்டறப்ப போயிரும். போன்ல எடிட் பண்ற கைன்மாஸ்டர் ஆப்லயோ, கம்ப்யூட்டர் இருந்தா காசில்லாமக் கெடைக்கற டாவின்சி ரிசால்வ்லயோ ஒண்ணு மேல ஒண்ண வெச்சு பாதிய வெட்டிருங்க. முடிஞ்சுது.

வெளக்கு மினுக்கறதுதான் அடுத்த தலைவலி. நம்மூரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், போன் சும்மா விட்டா செகண்டுக்கு 30 பிரேம், ஷட்டர் 1/60 செகண்டுன்னு ஓடும், டியூப்லைட்டு எல்.இ.டி. எல்லாம் பட்டை பட்டையா ஓடும். மேனுவல் மோடுல 25 பிரேம், ஷட்டர் 1/50 வெச்சீங்கன்னா பெரும்பாலும் அடங்கிரும். பட்டப்பகல் வெளியில 1/50 வெச்சா வெளுத்துப்போகும், அதுக்கு என்.டி. பில்டர்ங்கற வெளிச்சத்தக் கொறைக்கற கண்ணாடிய மாட்டணும், இல்லீனா வெடியாலயும் பொழுதோடயும் மட்டும் எடுங்க, மத்தியானம் அரிசியும்பருப்பு சோறு தின்னுட்டுத் தூங்குங்க, அந்த வெளிச்சம் யாருக்கும் நல்லதில்ல.

ராத்திரி சீன நெசமான இருட்டுல எடுக்காதீங்க, போன் கேமரா புள்ளி புள்ளியாக் கக்கிரும். பொழுது சாயறப்ப சூரியன் ஆளோட முதுகுக்குப் பின்னால வர்ற மாதிரி நிக்க வெச்சு, எக்ஸ்போசர நல்லாக் கொறச்சு, ஒயிட் பேலன்ஸ 3200 பக்கம் எறக்குங்க, எல்லாம் நீலம் பாரிச்சு நெலா வெளிச்சம் மாதிரி ஆயிரும். வானத்த மட்டும் பிரேம்ல விடாதீங்க, அது காட்டிக் குடுத்துரும். மழைக்கும் அதே முதுகு வெளிச்சந்தான், தோட்டத்து ஓஸ் பைப்ப மேல பாத்துப் புடிச்சு விட்டு, பின்னால இருந்து ஒரு லைட் அடிச்சாத்தான் துளி தெரியும், முன்னால இருந்து அடிச்சா ஆளு நனையுவாரு, மழை தெரியாது.

ரத்தம் நம்ம கதைல தேவையில்ல, ஆனா கேப்பீங்கன்னு தெரியும். சக்கரைப் பாகு, செவப்பு புட் கலர், ஒரு சிட்டிகை காப்பித்தூள். காப்பித்தூள் எதுக்குன்னா வெறும் செவப்பு ஜாம் மாதிரி இருக்கும், ரத்தம் கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும், காஞ்சா பழுப்பாகும். ஒரு பேய்ப் படத்துக்கு இத அரை லிட்டர் காச்சி ஒரு பையன் நெஞ்சு பூரா ஊத்திப் படுக்க வெச்சோம், தென்னந்தோப்புல, பத்து நிமிசத்துல சித்தெறும்பு ஏறி பொணம் எந்திரிச்சு ஓடிருச்சு. ரெண்டு சொட்டு போதுமுங்க. வேட்டி மடிப்புல ஒரு சின்னக் கறை, அதப் பாத்துட்டுத் துண்ட எறக்கி மறைக்கற ஒரு கை, பாக்கறவங்க மண்டைல அரை லிட்டர் தன்னால ஊறிக்கும்.

எனக்குப் புடிச்ச மாயம் சத்தம். காசு கம்மி, வேலை எச்சு, பலன் அதவிட எச்சு. படம் மங்கலா இருந்தாக் கூட மன்னிச்சுருவாங்க, வசனம் கேக்கலீன்னா போனத் தள்ளிட்டுப் போயிருவாங்க. ஆள் வாய்க்கு ஒரு மொழத்துக்குள்ள மைக் இருக்கணும், ஒரு பழைய போனச் சட்டைப்பைல போட்டு ரெக்கார்ட் ஓட விட்டாக் கூடப் பரவால்ல. எந்த எடத்துல எடுத்தாலும் எல்லாரையும் வாய மூடச் சொல்லி ஒரு நிமிசம் அந்த எடத்துச் சத்தத்த மட்டும் பதிஞ்சுக்கங்க. சோமனூர், பல்லடம் பக்கம் எடுத்தா இது உசுரு, ஏன்னா தூரத்துல தறிச் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், ஷாட்டுக்கு ஷாட் வெட்டுனா அது விட்டு விட்டுக் குதிக்கும், அடில இந்த ஒரு நிமிசத்தப் பரப்பி விட்டா ஒட்டிக்கும். மாட்டுக் கொளம்புச் சத்தத்துக்கு ரெண்டு தேங்காத் தொட்டி, உள்ள துணிய அடச்சு மண்ணுத் தரைல தட்டுங்க, பொள்ளாச்சில இதுக்குப் பஞ்சமா. கழுத்து மணிய மாட்டோட கழுத்துல இருக்கறப்பப் பதியாம, தனியாக் கழட்டிக் கைல புடிச்சு மைக்குக்குக் கிட்ட ஆட்டிப் பதிஞ்சுக்கங்க.

அந்த மணிய என்ன பண்றதுன்னு சொல்றேன். மொத சீன்ல இருந்து மணிச் சத்தம் எங்கயோ ஓடிக்கிட்டே இருக்கட்டும், ஊட்டுக்குள்ள பேசறப்பக் கூட மெதுவா. சந்தைல இரைச்சல்ல அது அமுங்கிப் போகட்டும். துண்டு சீன்ல பாட்டு, பின்னணி இசை ஒண்ணும் போடாதீங்க, சந்தை இரைச்சலயும் கொஞ்சங் கொஞ்சமா எறக்கிக்கிட்டே வாங்க, துணி உரசற சத்தமும் மூச்சும் மட்டும் மிஞ்சற வரைக்கும். திரும்பி வந்து கயித்தச் சுத்தற சீன்ல மணி இல்ல. ஓடிக்கிட்டே இருந்த சத்தம் நின்னாத்தான் ஒறைக்கும், தறி ஓட்டற ஊர்க்காரங்களக் கேளுங்க, ராத்திரி கரண்டு போயி தறி நின்னா தூக்கம் கலஞ்சுரும்பாங்க.

கண்ணபுரம் சந்தைல எடுக்கற பத்தி ஒரு வார்த்த. மாரியம்மன் கோயில் நோம்பி ஒட்டி சித்திரைல கூடற சந்தை, நீங்க கேட்ட நேரத்துக்குக் கூடாது. கூட்டத்துல நெசமான தூர ஷாட் மட்டும் எடுத்துக்கிட்டு, கிட்ட வர்ற ஷாட்டெல்லாம் பின்னாடி உங்க தோப்புல எடுங்க, சந்தைல வெயில் எந்தப் பக்கத்துல இருந்து அடிச்சுதுன்னு போட்டோ புடிச்சு வெச்சு அதே பக்கத்துல அடிக்கற நேரமாப் பாத்து. பின்னால நாலு மாடு, பத்து பேரோட முதுகு, கொஞ்சம் புழுதி, சத்தம் சந்தைது. எவனுக்கும் தெரியாது. ஆனா வியாபாரத்துக்கு வந்தவங்க மூஞ்சிக்கு நேரா போன நீட்டாதீங்க, கேட்டுட்டு எடுங்க, அவங்களுக்கு அன்னைக்கு ஒரு வருசப் பொழப்பு.

எடிட் முடிஞ்சதும் யூடியூப்ல ஏத்தறதுக்கு முந்தி ஊர்ல போட்டுக் காட்டுங்க. நண்பனுங்களுக்கு இல்ல, அவனுங்க "செம மச்சி"ம்பானுங்க. சுண்ணாம்படிச்ச சுவத்துல ஒரு புரொஜெக்டர், பத்து பெருசுங்க, நாலு சின்னதுங்க. நீங்க படத்தப் பாக்காதீங்க, அவங்களப் பாருங்க, கைல ஒரு நோட்டு. எந்த நிமிசத்துல போன எடுத்தாங்க, எங்க பக்கத்தால இருக்கறவங்ககிட்டத் திரும்புனாங்க, எங்க வெத்தல மெல்லறத நிறுத்துனாங்க, நேரத்தக் குறிச்சுக்கங்க. போன எடுத்த எடத்துல பத்து செகண்டக் கொறச்சுட்டு அடுத்த வாரம் வேற பத்து பேருக்குக் காட்டுங்க. துண்டு சீன் முடிஞ்சதும் எதாச்சும் ஒரு அம்முச்சி "எவ்வளவுக்குப் படிஞ்சுதுங்க"ன்னு கேட்டா அந்த சீனத் தொடாதீங்க, "உள்ள என்ன பண்றாங்க"ன்னு கேட்டா அப்பாருவுக்குப் போனப் போட்டு அந்த சீனத் திரும்ப எடுக்க இன்னொரு நாள் கேளுங்க.